சேலத்திலிருந்து ஆஸ்டியோபாத் ஆவது எப்படி: படிப்பு, பதிவு, உரிமம் பற்றிய முழுமையான வழிகாட்டி

போன மாதம் ஒரு சனிக்கிழமை, கிளினிக்கை மூடும் நேரத்தில் ஜூனியர் பெண் ஒருத்தி வந்து நின்றாள். பிபிடி, அதாவது பிசியோதெரபி இளநிலைப் பட்டம், முடித்து இரண்டு வருடம் ஆகிறது. கையில் பிளாஸ்டிக் கவர், உள்ளே பளபளவென்று ஒரு சான்றிதழ். "அண்ணா, நான் இப்ப ஆஸ்டியோபாத். போர்டுல போட்டுக்கலாமாண்ணா? லைசென்ஸ் எங்க வாங்கறது?" என்று கேட்டாள். ஆறு வார இறுதிகள் ஏதோ ஒரு ஓட்டல் அரங்கில் வகுப்பு நடந்திருக்கிறது. சான்றிதழில் 'இன்டர்நேஷனல்' என்ற சொல் மூன்று இடத்தில் இருந்தது. எந்த நாட்டுக் கவுன்சிலின் பெயரும் ஓரிடத்திலும் இல்லை.

அவளுக்கு அன்று ஒன்றரை மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் சூரமங்கலத்தில் பிசியோதெரபி பார்க்கிறவன், ஆஸ்டியோபாத் அல்ல. ஆனால் என் வகுப்புத் தோழன் பிரிட்டனில் போய்ப் படித்துப் பதிவு வாங்கினான். அவனுக்காக இங்கே காகிதத்துக்கு அலைந்தவன் நான்தான். அந்த அலைச்சலில் கற்றது கொஞ்சம் உண்டு.

இது எந்த வைத்தியம்?

நம் ஊரில் ஆஸ்டியோபதி என்றால் பாதிப் பேர் காதில் ஹோமியோபதி என்று விழும். மீதிப் பேர், "எலும்பு டாக்டரா?" என்பார்கள். இரண்டும் இல்லை. அமெரிக்காவில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்ற மருத்துவர் 1874-இல் முன்வைத்த முறை இது. 1892-இல் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் முதல் பள்ளியைத் தொடங்கினார். எலும்பு, தசை, மூட்டு, நரம்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்து, கையால் சோதித்து, கையால் சிகிச்சை செய்வது இதன் அடிப்படை.

அப்புறம்தான் பாதை இரண்டாகப் பிரிந்தது. குழப்பம் முழுக்க இங்கேதான் பிறக்கிறது. அமெரிக்காவில் 'டி.ஓ.' பட்டம் பெற்றவர் முழு மருத்துவர். மருந்து எழுதுவார், அறுவை சிகிச்சை செய்வார், எம்.டி.க்குச் சமமாக உரிமம் பெறுவார். அங்கே அந்தப் பட்டத்துக்கு அந்நாட்டு ஆஸ்டியோபதிக் மருத்துவக் கல்லூரியில்தான் படிக்க வேண்டும், 'காம்லெக்ஸ்' என்ற உரிமத் தேர்வுகள் எழுத வேண்டும், ரெசிடென்சி என்ற மருத்துவமனைப் பயிற்சி முடிக்க வேண்டும். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஐரோப்பிய நாடுகளில் ஆஸ்டியோபாத் என்பவர் மருந்து எழுதாத, கைவழிச் சிகிச்சை நிபுணர். வெளிநாட்டில் 'டி.ஓ.' என்ற எழுத்துகளைப் பார்த்ததும் அமெரிக்க மருத்துவர் ஆகிவிடலாம் என்று நினைத்துப் பணம் கட்டியவர்கள் உண்டு. அந்த எழுத்து ஒன்று, பொருள் இரண்டு. இனி நான் பேசப்போவது இரண்டாவது வகையைப் பற்றி மட்டும்.

முதல் படி: எந்த ஊர் நோயாளியைத் தொடப்போகிறீர்கள்?

படிப்பைத் தேடுவதற்கு முன்னால் இதை முடிவு செய்யுங்கள். உலகம் முழுக்கச் செல்லும் ஆஸ்டியோபாத் லைசென்ஸ் என்று ஒன்று கிடையாது. நோயாளி எந்த மண்ணில் படுக்கிறாரோ அந்த மண்ணின் சட்டம்தான் உங்களுக்குப் பெயர் தரும். லண்டனில் பதிவு பெற்றவர் மெல்போர்னில் அடுத்த நாளே கை வைக்க முடியாது. சேலத்தில் கை வைக்கவும் அந்தப் பதிவு தனியாகப் போதாது.

ஆகவே சேலத்திலேயே இருக்கப்போகிறவருக்கு ஒரு வழி, வெளியே போகிறவருக்கு வேறு வழி. இரண்டையும் ஒரே சான்றிதழால் அடிக்கலாம் என்று யாராவது சொன்னால், அவர் விற்பது சான்றிதழ் மட்டும்தான்.

இரண்டாம் படி: இந்தியாவில் நிலை என்ன?

2021-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான ஆணையச் சட்டம்தான் நமக்கு முக்கியம். அதன் அட்டவணையில் பத்துப் பிரிவுகள். பிசியோதெரபிக்குத் தனிப் பிரிவு, ஆக்குபேஷனல் தெரபிக்குத் தனிப் பிரிவு. ஆஸ்டியோபதி என்று தனிப் பிரிவு இல்லை. 'சுகாதாரத் தொழில்முறையாளர்' என்று அழைக்கப்பட மூன்று முதல் ஆறு ஆண்டுக்குள் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பு வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. வார இறுதிச் சான்றிதழை இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இந்தச் சட்டத்தின்கீழ் மாநில கவுன்சில்களை அமைக்கப் பல மாநிலங்கள் தாமதித்ததால், 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இரண்டு மாதக் கெடு வைத்தது. நீங்கள் பிசியோதெரபிஸ்ட் என்றால் மாநிலப் பதிவேட்டில் பிசியோதெரபிஸ்ட்டாகப் பெயர் ஏற்றுங்கள். நம் ஊரில் உங்கள் உரிமம் அதுதான். ஆஸ்டியோபதி அதற்கு மேல் சேரும் திறமை. எம்.பி.பி.எஸ். படித்தவருக்கு மருத்துவ கவுன்சில் பதிவு, சித்த மருத்துவருக்குச் சித்த மருத்துவப் பதிவு. அடிப்படைத் தொழிலின் பதிவு இல்லாமல் ஆஸ்டியோபதி மட்டும் படித்தவர் இந்த அட்டவணையில் தனக்கொரு தனி இடம் இருப்பதாக நினைத்துக் கிளினிக் திறக்கக் கூடாது.

அதற்குக் காரணம் உண்டு. தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு, பதிவு இல்லாமல் மருத்துவம் பார்ப்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க வழி செய்கிறது. 1996-இல் பூனம் வர்மா வழக்கில், ஹோமியோபதி படித்தவர் அலோபதி மருந்து கொடுத்ததை உச்ச நீதிமன்றம் அலட்சியம் என்றே தீர்த்தது. தனக்குப் பயிற்சியில்லாத முறையில் கை வைத்தால் சட்டம் எப்படிப் பார்க்கும் என்பதற்கு அந்தத் தீர்ப்பைத்தான் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள்.

சரி, போர்டுக்கு வருவோம். அந்தப் பெண்ணிடம் நான் சொன்னது: பெரிய எழுத்தில் 'பிசியோதெரபிஸ்ட்' என்று போடு, பதிவு எண்ணைப் போடு. ஆஸ்டியோபதியில் என்ன படித்தாயோ அதை எங்கே, எத்தனை மணி நேரம் என்று உள்ளே சுவரில் மாட்டு. 'ஆஸ்டியோபதி டாக்டர்' என்று மட்டும் எழுதாதே. பிசியோதெரபிஸ்ட் 'டாக்டர்' போடலாமா என்பதே தனிச் சண்டை. 2025 செப்டம்பரில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம் போடக்கூடாது என்று கடிதம் அனுப்பி, அடுத்த நாளே அதைத் திரும்பப் பெற்றது. பெரியவர்களே ஒரு முடிவுக்கு வராத இடத்தில் நாம் ஏன் பெயிண்டருக்கு இரண்டு தடவை கூலி கொடுக்க வேண்டும்?

இடம் பிடித்துக் கிளினிக் திறப்பவருக்கு இன்னொரு வேலை: 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு. விண்ணப்பம் போகும் இடம் மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். விண்ணப்பத்தில் நீங்கள் செய்யும் சேவையை உள்ளபடி எழுதுங்கள். தசையில் மெல்லிய ஊசி குத்தும் டிரை நீடிலிங் செய்கிறீர்கள் என்றால், ஊசியைக் குப்பைக் கூடையில் போட முடியாது. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள்படி அது குத்தினால் துளைபடாத வெள்ளை டப்பாவுக்குள் போக வேண்டும், முறையான கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.

மூன்றாம் படி: படிப்பை மணிக்கணக்கில் அளந்து பாருங்கள்

உலக சுகாதார நிறுவனம் 2010-இல் ஆஸ்டியோபதிப் பயிற்சிக்கான அளவுகோல்களை வெளியிட்டது. ஏற்கெனவே மருத்துவம் சார்ந்த படிப்பு இல்லாதவருக்கு 4,200 மணி நேரம். அதில் குறைந்தது 1,000 மணி நேரம் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும். பிசியோதெரபிஸ்ட் போல ஏற்கெனவே படித்தவருக்கு, முன்படிப்பைப் பொறுத்து 1,000 மணி நேர அளவில் ஒரு பாதை.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு வார இறுதி வகுப்பு, தாராளமாகவே 12 மணி நேரம் என்று வைப்போம். ஆறு வார இறுதிக்கு 72 மணி நேரம். 1,000 மணி நேரத்தைத் தொட 83 வார இறுதி தாண்ட வேண்டும். நம் பெண் வைத்திருந்த சான்றிதழ் எங்கே நிற்கிறது என்று அவளே விரல் விட்டு எண்ணினாள். முகம் வாடியது உண்மைதான், ஆனால் அந்த வகுப்பில் கற்ற கைப்பழக்கம் வீண் போகாது என்றும் சொன்னேன். கற்றது கற்றதுதான், பெயர்ப்பலகை வேறு விஷயம்.

இந்தியாவிலேயே ஆஸ்டியோபதியில் பட்டப்படிப்பு நடத்தும் பல்கலைக்கழகமும் உண்டு, ஒடிசாவின் கட்டாக்கில் ஸ்ரீ ஸ்ரீ பல்கலைக்கழகம். வெளிநாட்டு எண்ணம் இருந்தால், எந்தக் கல்லூரியில் சேர்வதற்கும் முன்பே, நீங்கள் போக நினைக்கும் நாட்டின் கவுன்சிலுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதி, "இந்தப் பட்டத்தை வைத்து விண்ணப்பித்தால் எந்த வழியில் மதிப்பிடுவீர்கள்?" என்று கேட்டுப் பதிலை அச்செடுத்து வையுங்கள். கல்லூரி கவுன்சலரின் வாய்மொழி இதற்கு ஈடாகாது.

நான்காம் படி: பிரிட்டன்

பிரிட்டனில் 1993-ஆம் ஆண்டின் ஆஸ்டியோபாத்கள் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பதிவேடு 1998 மே மாதம் திறந்தது. இரண்டாண்டு இடைக்காலம் முடிந்து 2000 மே 9 முதல், ஜெனரல் ஆஸ்டியோபதிக் கவுன்சிலில் பதிவு இல்லாத யாரும் தன்னை ஆஸ்டியோபாத் என்று சொல்லிக்கொள்வது குற்றம். முறையைத் தடுக்கவில்லை, பெயரைத்தான் பூட்டினார்கள். இது நுட்பமான விஷயம். அங்கே பதிவு பெற்ற பிசியோதெரபிஸ்ட் முதுகில் கை வைத்துச் சிகிச்சை செய்யலாம், ஆனால் 'ஆஸ்டியோபாத்' என்று கார்டில் அடிக்கக் கூடாது.

உள்ளே போக இரண்டு வாசல்.

ஒன்று, அங்கேயே கவுன்சில் அங்கீகரித்த பட்டம் படிப்பது. முழுநேரமாகப் பெரும்பாலும் நான்கு ஆண்டு. ஸ்டில்லின் மாணவர் லிட்டில்ஜான் 1917-இல் லண்டனில் தொடங்கிய பள்ளியின் வாரிசு உட்படச் சில நிறுவனங்கள்தான் நடத்துகின்றன. பட்டியல் கவுன்சிலின் தளத்தில் இருக்கும், அதில் இல்லாத பெயருக்கு ஒரு பவுண்டும் கட்டாதீர்கள். பிசியோதெரபி படித்தவருக்குச் சில பாடங்களில் விலக்கு தரலாமா என்பதைப் பள்ளிதான் முடிவு செய்யும். எழுத்தில் கேளுங்கள். என் தோழன் போனது இந்த வாசல் வழியாக.

இரண்டு, வெளிநாட்டுத் தகுதியை மதிப்பிடச் சொல்வது. இது மூன்று கட்டம். முதலில் உங்கள் பட்டம் அவர்கள் பட்டத்தோடு ஒப்பிடத்தக்கதா என்று பார்ப்பார்கள். அதில் தேறினால், உங்கள் நடைமுறை அனுபவத்தைப் பற்றிய விரிவான கேள்வித்தாள். அதற்கும் அப்பால், மதிப்பீட்டாளர்கள் முன்னிலையில் உண்மையான நோயாளிகளைப் பார்க்கும் நேரடித் தேர்வு. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிக் கட்டணம். பிசியோதெரபிப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வாசலைத் தட்டினால் முதல் கட்டத்திலேயே திரும்ப நேரிடும். ஆஸ்டியோபதிப் பட்டம் உள்ளவருக்கான வாசல் இது.

எந்த வாசல் வழியாகப் போனாலும் பதிவு நேரத்தில் கேட்பவை: உடல்நலம் பற்றி மருத்துவர் கடிதம், நன்னடத்தைக்கு ஒருவர் சாட்சி, குற்றப்பதிவுச் சோதனை, ஆங்கிலத் திறன், ஆண்டுக் கட்டணம், தொழில் பொறுப்புக் காப்பீடு. காப்பீட்டுத் தொகை குறைந்தது 50 லட்சம் பவுண்டு. படிக்கும்போது பயமாக இருக்கும், ஆனால் நீங்கள் கட்டுவது பிரீமியம்தான். பதிவுக் கட்டணம் முதல் ஆண்டுகளில் குறைவு, பிறகு ஏறும்.

என் சொந்தக் கருத்து ஒன்று. உங்களுக்கு வேண்டியது பிரிட்டனில் வேலைதான், ஆஸ்டியோபாத் என்ற பெயர் இல்லை என்றால், அங்கே பிசியோதெரபிஸ்ட்களைப் பதியும் ஹெல்த் அண்ட் கேர் புரொஃபஷன்ஸ் கவுன்சிலுக்கு விண்ணப்பியுங்கள். நாலரை வருடம் படித்த பட்டத்தை அது நேராக எடைபோடும். அங்கே ஆஸ்டியோபதி படிக்க ஆகும் நான்கு வருடக் கட்டணத்தையும் கையிருப்பையும் பார்த்துவிட்டு முடிவு எடுங்கள். நம் பக்கம் நிலத்தை அடமானம் வைத்து அனுப்புகிற பெற்றோர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

இன்னொன்று: பதிவு வேறு, விசா வேறு. கவுன்சில் பெயரை ஏற்றியதால் விமான நிலையத்தில் கதவு திறக்காது.

ஐந்தாம் படி: சேலத்தில் காகிதம் சேர்ப்பது

இங்கேதான் பலருக்கு ஒரு வருடம் போகிறது. என் தோழனுக்கு அவன் படிப்பில் சேர்வதற்கான காகிதத்துக்கே ஏழு மாதம் ஆனது. அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதல் பிரச்சினை, உங்கள் பெயர். பட்டச் சான்றிதழில் 'கே. செல்வி' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் பெயர் செல்வி, குடும்பப் பெயர் கந்தசாமி என்று இருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'செல்வி கே'. ஆதாரில் 'செல்வி கந்தசாமி'. நமக்கு நால்வரும் ஒருவர்தான் என்று தெரியும். வெளிநாட்டில் மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு நான்கு பெண்கள். மேலும் அவர்கள் படிவத்தில் குடும்பப் பெயர்தான் முன்னால் நிற்கும், ஆகவே உங்களைத் 'திருமதி கந்தசாமி' என்று அழைத்து மின்னஞ்சல் வரும். அப்பாவுக்கு வந்த கடிதம் என்று பாதிப் பேர் திறக்காமலே விட்டுவிடுவார்கள்!

தீர்வு: முதலில் பாஸ்போர்ட்டில் உள்ள வடிவத்தை நிலையாக எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றிலும் உள்ள வடிவங்களைப் பட்டியலிட்டு, எல்லாம் ஒரே நபர் என்று நோட்டரி முன்னிலையில் உறுதிமொழிப் பத்திரம் எழுதி வாங்குங்கள். அஸ்தம்பட்டி கோர்ட் பக்கம் போனால் ஒரு காலையில் முடிகிற வேலை. கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்த்தவர்கள் திருமணப் பதிவுச் சான்றையும் சேருங்கள். பெயரையே மாற்றியவர்களுக்கு அரசிதழ் அறிவிப்பு வேண்டும்.

இரண்டாவது பிரச்சினை, மணி நேரம். நம் சான்றிதழ்களில் 'ஆறு மாத இன்டர்ன்ஷிப் முடித்தார்' என்று இருக்கும். வெளிநாட்டுக் கவுன்சில் கேட்பது எத்தனை மணி நேரம், எந்தத் துறையில், யார் மேற்பார்வையில் என்று. கல்லூரி முதல்வரின் கடிதத்தாளில் எலும்பியல், நரம்பியல், இதயம்–நுரையீரல், சமுதாய நலம் என்று பிரித்து மணிக்கணக்குடன் ஒரு கடிதம் வாங்குங்கள். தோழனுக்காக நான் ஒரு கல்லூரி அலுவலகத்துக்குப் போனபோது (பெயர் வேண்டாம்) அந்தப் பேட்ச்சின் பாடத்திட்டப் புத்தகமே அவர்களிடம் இல்லை. பழைய மாணவர் ஒருவர் வீட்டுப் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தோம், அதற்கு அவர்கள் சீல் அடித்தார்கள். உங்கள் பாடத்திட்டப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

டிரான்ஸ்கிரிப்ட் எனும் பாட, மதிப்பெண் விவரச் சான்றுக்குத் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் சென்னை கிண்டிக்குப் போக வேண்டியிருக்கும். ஏற்காடு எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் விடியுமுன் சென்ட்ரல். அலுவலகம் திறக்கும் வரை காத்திருக்க ஒரு புத்தகம் கொண்டு போங்கள். உறையை அவர்களே ஒட்டிச் சீல் வைத்துத் தருவார்கள் என்றால், ஆசைக்காகக்கூடப் பிரித்துப் பார்க்காதீர்கள். பிரித்த உறை செல்லாது. ஒன்று கேட்கும் இடத்தில் மூன்று உறை வாங்கி வையுங்கள்.

போலீஸ் சான்றிதழ் பாஸ்போர்ட் சேவா வழியாக விண்ணப்பிக்க வேண்டும். விசாரணைக்கு ஸ்டேஷனிலிருந்து வரும்போது விண்ணப்பத்தில் தந்த முகவரியில் நீங்கள் இருக்க வேண்டும். வேலைக்காகக் கோவையிலோ சென்னையிலோ தங்கிக்கொண்டு வீட்டு முகவரியைத் தந்தவர்கள் இதில் மாட்டுவார்கள். இந்தச் சான்றுக்கு ஆயுள் குறைவு, ஆகவே கடைசியாக எடுங்கள். ஆர்வத்தில் முதல் வாரமே எடுத்து, மற்ற காகிதம் சேர்வதற்குள் காலாவதியாகி இரண்டாம் தடவை அலைந்தவர் பலர்.

தமிழில் உள்ள எந்தச் சான்றுக்கும் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் கேட்டால் அப்போஸ்டில் முத்திரை போதும். ஆவணம் உண்மையானது என்று நம் அரசு போடும் ஒரே முத்திரையை ஒப்பந்த நாடுகள் ஏற்கும், இந்தியா அந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது. வளைகுடாவில் ஐக்கிய அரபு அமீரகம் போன்ற சில நாடுகளுக்கு அப்படி இல்லை. மாநிலம், வெளியுறவுத் துறை, தூதரகம் என்று படிப்படியாக அட்டெஸ்ட் செய்ய வேண்டிவரும். எது வேண்டும் என்று விண்ணப்ப வழிகாட்டியில் படித்த பிறகே முத்திரைக்குப் பணம் கட்டுங்கள்.

ஆறாம் படி: நோயாளிப் பதிவுகள், இன்றே தொடங்க வேண்டியது

நான் மிகவும் வற்புறுத்துவது இதைத்தான். நடைமுறை அனுபவக் கேள்வித்தாளுக்கும் நேரடித் தேர்வுக்கும் ஒரே நாளில் தயாராக முடியாது. நீங்கள் எப்படி யோசிக்கிறீர்கள் என்பதை அவர்கள் பார்க்கிறார்கள். எந்த உத்தியைச் செய்தீர்கள் என்பது இரண்டாம் பட்சம்.

சேலம் இதற்கு நல்ல பள்ளிக்கூடம். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் கழுத்தைக் குனிந்தபடி நாள் முழுக்கச் சலங்கை கோர்ப்பவரின் கழுத்துவலியும் கை மரப்பும். அம்மாப்பேட்டையில் குழித்தறியில் கால் தொங்கவிட்டு மிதிக்கும் நெசவாளியின் இடுப்பும் முழங்காலும். ஏற்காட்டுத் தோட்டத்தில் காபிப் பழ மூட்டையைத் தலையில் வைத்துச் சரிவில் இறங்கும் அம்மாவின் முதுகு. மூவருக்கும் 'முதுகுவலி' என்று ஒரு வார்த்தை எழுதினால் பயன் இல்லை. அந்த வேலை உடலில் என்ன செய்தது, நீங்கள் என்ன சோதித்தீர்கள், எதை விலக்கினீர்கள், ஏன் அந்தச் சிகிச்சை, ஆறு வாரம் கழித்து எப்படி, உங்கள் ஊகம் எங்கே தப்பியது என்று எழுதுங்கள். பெயர், முகவரி வேண்டாம், வயதும் தொழிலும் போதும்.

எப்போது கை வைக்கக் கூடாது என்பதையும் எழுதுங்கள். சில வருடங்களுக்கு முன் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் என்னிடம் வந்தார். இரண்டு மாத முதுகுவலி. 'சுளுக்கு' என்று இரண்டு இடத்தில் வழித்துவிட்டிருந்தார்கள். என்னிடமும், "நல்லா ஒரு சொடக்கு எடுத்து விடுங்க தம்பி" என்றார். கேட்டபோது சாயங்காலத்தில் காய்ச்சல், ராத்திரி வியர்வை, பெல்ட் இரண்டு துளை உள்ளே போயிருக்கிறது. முதுகெலும்பின் ஒரு இடத்தில் விரலால் தட்டியதும் துள்ளினார். கை வைக்காமல் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கு அனுப்பினேன். முதுகெலும்புக் காசநோய். அன்று சொடக்கு எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் சில இரவு நினைப்பேன்.

பிரிட்டிஷ் மதிப்பீட்டாளரும் இதைத்தான் தேடுவார். சிறுநீர் கட்டுப்பாடு போய், இருக்கை படும் இடம் மரத்துப்போன நோயாளியை அவசரமாக அனுப்பத் தெரியுமா, கழுத்தைத் திருப்புவதற்கு முன் ரத்தக்குழாய் ஆபத்தை யோசிப்பீர்களா, எலும்புத் தேய்மானம் உள்ள பாட்டியின் விலா எலும்பில் அழுத்தமாட்டீர்களா. நம் நோய்கள் வேறு, யோசிக்கும் முறை ஒன்று.

அடுத்தது சம்மதம். நம் நோயாளிகள், "நீங்க பாத்துச் செய்ங்க சார்" என்று கண்ணை மூடிப் படுத்துவிடுவார்கள். அது மரியாதைதான், ஆனால் அங்கே அது சம்மதம் ஆகாது. என்ன செய்யப்போகிறேன், என்ன நன்மை, என்ன ஆபத்து, வேறு வழி என்ன, வேண்டாம் என்றால் என்ன என்று சொல்லி, அவர் திருப்பிக் கேட்க இடம் விட்டு, பிறகு குறிப்பேட்டில் எழுத வேண்டும். இதை இங்கேயே தமிழில் சொல்லிப் பழகுங்கள். "கழுத்தை வேகமாத் திருப்பினா ரொம்ப அரிதா நரம்புக்கோ ரத்தக்குழாய்க்கோ அடி படலாம்மா, மெதுவான முறையும் இருக்கு, எது வேணும்?" என்று கேட்டால் சிலர் பயந்து எழுந்துவிடுவார்கள். எழுந்து போகும் உரிமை அவர்களுடையது.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, துபாய்

சுருக்கமாகச் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவில் 2010 முதல் நாடு முழுக்க ஒரே பதிவு. ஆஸ்டியோபதி போர்டு ஆஃப் ஆஸ்திரேலியா, சுகாதாரத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் 'ஆப்ரா' அமைப்பின் துணையுடன் நடத்துகிறது. வெளிநாட்டுப் படிப்பை மதிப்பிடுவது 'ஏ.ஓ.ஏ.சி.' எனப்படும் ஆஸ்டியோபதி அங்கீகாரக் கவுன்சில். பிரிட்டனில் படித்துப் பதிவு பெற்றவருக்கு அங்கே வழி கொஞ்சம் எளிது. நியூசிலாந்துக்குத் தனிக் கவுன்சில், ஆனால் இரண்டு நாடுகளும் ஒன்றின் பதிவை மற்றொன்று ஏற்கும் ஏற்பாடு வைத்திருக்கின்றன.

துபாயில் ஆஸ்டியோபாத் பாரம்பரிய, மாற்று மருத்துவப் பிரிவின்கீழ் வருகிறார். உங்கள் சான்றுகளை 'டேட்டாஃப்ளோ' நிறுவனம் படித்த இடத்துக்கே எழுதிச் சரிபார்க்கும். அலுவலக மின்னஞ்சலைத் திறக்காத கல்லூரியில் படித்தவர்களுக்கு இங்கே மாதக்கணக்கில் இழுக்கும், ஆகவே விண்ணப்பித்த அன்றே கல்லூரிக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஏஜென்ட் பற்றி ஒரே வரி: கவுன்சில் விண்ணப்பம் எதுவும் ஏஜென்ட் இல்லாமல் நீங்களே நிரப்பக் கூடியது. 'உள்ளே ஆள் இருக்கு' என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

பதிவு கிடைத்த பிறகு

பதிவு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டியது. பிரிட்டனில் மூன்றாண்டுச் சுற்றுக்கு 90 மணி நேரத் தொடர்கல்வி, அதில் குறைந்தது 45 மணி நேரம் மற்றவர்களோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும். தொடர்புத்திறன், சம்மதம் பற்றிய ஒரு பகுதி கட்டாயம். சுற்றின் முடிவில் சக தொழில்முறையாளர் ஒருவருடன் உட்கார்ந்து பரிசீலனை. என் தோழன் தன் பரிசீலனையை ஒரு காபிக் கடையில் முடித்ததாகச் சொன்னான். கடைசி மாதத்தில் 90 மணி நேரத்தையும் துரத்தியவர்களின் கதையையும் அவன்தான் சொன்னான்.

ஆஸ்திரேலியாவில் ஆஸ்டியோபாத்களுக்குப் புதுப்பிக்கும் கடைசி நாள் நவம்பர் 30. நம் பெண் இப்போதைக்கு மாநிலப் பதிவுக்கான காகிதங்களைத் தேடிக்கொண்டிருக்கிறாள். பெயர்ப் பிரச்சினை அவளுக்கும் உண்டு. மூன்று சான்றிதழில் மூன்று வடிவம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அஸ்தம்பட்டிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.